பனிச்சறுக்குத் திரைப்படங்களும் அவற்றின் முதற்காட்சிகளும்: ஒரு நோக்கு

பனி பெய்யாத நாட்டிலிருந்து பனிச்சறுக்குத் திரைப்படங்களை விமரிசிக்க முனைவது பொருந்துமா என்ற வினா எழுதல் இயல்பே. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் சில விடியற்பொழுதுகளிற் புல்நுனியில் உறையும் வெண்பனியும் வெயில் ஏறுமுன்பே கரைந்துவிடுகின்றது. எனினும், பனியை அறியாத நாம் மலையை அறியாதவரல்லர். அந்தனை மலைத்தொடருக்கும் மகாவலிக்கும் இடையே பயில்பவர் நாம். கெலிஓயாவிலிருந்து நாள்தோறும் பேராதனைக்கு பஸ் ஏறும் எம்மிற் பலர், தேயிலை மலைச் சரிவுகளிலிருந்து வந்தவர்கள். மலையையே முழுமுதற் பொருளாகக் கொண்ட ஒரு திரைப்பட வகையை மலைநாட்டார் தம் அனுபவங்கொண்டு அளந்து பார்ப்பதில் தவறில்லை.

இவ்வகைப் படங்களின் தொடக்கத்தை ஜேர்மனியரான ஆர்னோல்ட் ஃபாங்க் 1920இல் வெளியிட்ட படத்திற் காணலாம். புவிச்சரிதவியல் பயின்ற அவர், பனிச்சறுக்கின் நுட்பங்களை மக்கள் கண்டறியும் வண்ணம் அதனை ஆக்கினார். 1931இல் அவர் இயக்கிய 'வெள்ளை வெறி' என்னும் பொருள்படும் படத்தில், ஆஸ்திரிய நாட்டுப் பனிச்சறுக்கு ஆசான் ஹான்னஸ் ஷ்னைடர் நடித்தார். கற்பித்தலும் களிப்பும் இணைந்தே இவ்வகை பிறந்தது என்பது மனங்கொள்ளத் தக்கது.

இதனை ஒரு சமூக நிகழ்வாக வளர்த்தவர்கள் அமெரிக்கரான ஜோன் ஜேயும் அவர்வழி வந்த வொரன் மில்லரும் ஆவர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946-47 குளிர்காலத்தில், சன் வலி என்னுமிடத்து வாகனத் தரிப்பிடத்தில் ஒரு சிறு இழுவை வண்டிக்குள் வாழ்ந்துகொண்டு படம்பிடிக்கப் பழகியவர் மில்லர். 1950இல் தமது முதலாவது முழுப்படத்தைத் திரையிட்டார். அதன்பின் ஆண்டுக்கு ஒரு படம் என்பது வழக்கமாயிற்று. பனிக்காலம் தொடங்குமுன், இலையுதிர் காலத்தில், ஊரூராகச் சென்று மண்டபங்களிற் படத்தை ஓடவிட்டு, அருகே நின்று தாமே நகைச்சுவையுடன் விளக்கவுரை கூறினார். 2018இல் அவர் மறைந்தபோது, பல தலைமுறையினருக்கு அவரது குரலே பனிக்காலத்தின் வருகையை அறிவித்த குரலாக இருந்தது.

இம்முதற்காட்சிகளை வெறும் விளம்பர நிகழ்ச்சிகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. அங்கு கூடியோர் பெரும்பாலும் தாமே சறுக்குபவர்கள். திரையில் ஒருவன் இடறி வீழ்ந்தால், அவ்வாறு வீழ்ந்த தம் அனுபவத்தை எண்ணியே அவர்கள் சிரித்தனர். எமது தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தை இங்கு ஒப்புநோக்கலாம். அங்கும் பார்ப்போரும் ஆடுவோரும் ஒரே சமூகத்தவர். கதை யாவருக்கும் தெரிந்ததே. ஆண்டுதோறும் கூடிநின்று அதனைக் காண்பதிலேயே அதன் பொருள் நிறைவெய்துகின்றது. அறிந்தவர் முன்னிலையில் நிகழும் கலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்கே பொய் எளிதில் விலைபோகாது.

இந்நிலை படிப்படியாக மாறிற்று. 1988இல் கிரெக் ஸ்டம்ப் வெளியிட்ட படம், பிரான்சின் ஷமொனி மலைகளில் உயிரைப் பணயம் வைத்துச் சறுக்கும் இளைஞரை வீடியோ நாடா வழியாக வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 2011இல் வெளியான 'த ஆர்ட் ஒஃப் ஃப்ளைட்', ஒற்றைப் பலகையிற் சறுக்கும் ட்ராவிஸ் ரைஸ் முதலியோரை ஹெலிகொப்டரிலிருந்து படம்பிடித்தது. ஒரு சக்திப் பானக் கம்பனி அதற்குப் பின்னணியில் நின்றது. அப்படத்தின் ஒளிப்பதிவு வியக்கத்தக்கது என்பதை மறுப்பது நேர்மையாகாது. அதிவேகக் கமெராவில் ஒவ்வொரு பனித்துகளும் தனித்தனியே ஒளிர்கின்றது. ஆயினும் மனிதன் அங்கே ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறான். அவனது மூச்சு, அச்சம், களைப்பு ஆகிய யாவற்றையும் இசை மூடிவிடுகின்றது.

இக்குறையை எமக்கு முதலிற் சுட்டிக்காட்டியவர் ஒரு விமரிசகரல்லர். கெலிஓயாவில் நாம் தங்கியுள்ள வீட்டின் சுவரில் வெள்ளை வேட்டியொன்றைக் கட்டி, நண்பர் நால்வர் இப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இளமையிற் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவரான வீட்டுக்கார அம்மா, கதவருகே நின்று சற்றுநேரம் பார்த்தார். பின்னர், "எறங்குறதெல்லாம் சரி தம்பி, ஏறுனது எப்படி?" என்று கேட்டார். எம்மிடம் உடனடி விடை இருக்கவில்லை.

அவ்வினாவிற் பொதிந்துள்ள விமரிசனம் பெரிது. மலையில் வாழ்பவருக்கு மலை என்பது முதலில் ஏற்றம். கூடையுடன் ஏறுதல், நிறுவைக்குக் கொழுந்தைச் சுமந்து செல்லுதல், மழையில் வழுக்காமற் கால் ஊன்றுதல் என்பனவே அவர் அறிந்த மலை. பனிச்சறுக்குப் படமோ ஏற்றத்தை வெட்டி எறிந்துவிட்டு இறக்கத்தை மட்டும் தொகுத்துத் தருகின்றது. ஹெலிகொப்டரை ஓட்டியவர், இழுவைக் கம்பியை இயக்கியவர், பாதையைச் செப்பனிட்டவர், விடுதியிற் சமைத்தவர் எவரும் சட்டகத்துள் இல்லை. உழைப்பை மறைத்து அழகை மட்டும் காட்டுவது விளம்பரத்தின் இலக்கணமாகும். தேயிலைப் பெட்டியிற் சிரிக்கும் கொழுந்துக்காரியின் படமும் இவ்விலக்கணத்துக்கு உட்பட்டதே.

எனினும், இவ்வகை முழுவதையும் ஒதுக்கிவிடுதல் விமரிசன நேர்மையன்று. 1974இல் வேர்ணர் ஹெர்சோக், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மரச்சிற்பியும் பனித்தாவல் வீரருமான வால்ட்டர் ஸ்டைனரைப் பற்றி ஒரு விவரணப்படம் எடுத்தார். அன்றைய யூகோசிலாவியாவின் பிளனிட்சாவில், மற்றெவரினும் நெடுந்தூரம் பறப்பதே ஸ்டைனருக்கு ஆபத்தாகின்றது. சரிவைத் தாண்டிச் சமதரையில் வீழ்ந்தால் உயிர் தப்புவது அரிது. அவரது அச்சத்தை ஹெர்சோக் மறைக்கவில்லை. அதனையே படத்தின் கருவாக்கினார். 2010இல் வெளியான ஜெரமி ஜோன்ஸின் 'டீப்பர்' மற்றொரு வகையிற் சிறப்புடையது. ஹெலிகொப்டரைத் தவிர்த்து, பலகையைச் சுமந்து கால்நடையாக ஏறி, பனியிற் கூடாரமடித்துத் தங்கியபின் சறுக்குவதை அது காட்டுகின்றது. அதனையும் அதே வேட்டியில் ஓடவிட்டோம். வீட்டுக்கார அம்மா இம்முறை உட்கார்ந்து பார்த்தார். "மூச்சு வாங்குது பாரு" என்றார். ஜோன்ஸ் விரும்பி ஏறுகிறார், கொழுந்து பறிப்பவர் வயிற்றுக்காக ஏறுகிறார் என்ற வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. ஆயினும் ஏற்றத்தைக் காட்டிய கணத்திலேயே அப்படம் எம்மவர் ஒருவருடன் பேசத் தொடங்கிவிட்டது.

தமிழ்த் திரைப்படத்துக்குப் பனி பெரும்பாலும் பாட்டுக்கான பின்திரையே. காஷ்மீரிற் படமாக்கப்பட்ட 'தேன் நிலவு' (1961) முதலாக இப்போக்கைக் காணலாம். பனி வேண்டும், பனியில் வாழ்பவன் வேண்டியதில்லை. எமது மலைகளுக்கும் படங்களில் இக்கதியே பெரிதும் நேர்ந்துள்ளது. வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' (1975) தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்த முயற்சி என்ற வகையில் விதிவிலக்காகக் குறிப்பிடத்தக்கது.

ஆகவே, பனிச்சறுக்குப் படங்களிலிருந்து நாம் கற்கவேண்டியது அவற்றின் கமெரா வித்தையையன்று, அவற்றின் முதற்காட்சி மரபையே. தன் படத்தை, அதிற் காட்டப்படும் மலையை அறிந்தவர் நடுவே கொண்டுசென்று, அருகே நின்று பேசி, அவர்தம் சிரிப்பையும் முணுமுணுப்பையும் ஏற்ற மில்லரின் துணிவு எம்மவர்க்கும் வேண்டும். இன்று எமது மாணவர் பலர் கைத்தொலைபேசியிலேயே மலையகம் பற்றிய குறும்படங்களை ஆக்குகின்றனர். அவற்றின் முதற்காட்சி கொழும்பு மண்டபங்களில் அல்லாமல், படம்பிடிக்கப்பட்ட தோட்டத்தின் லயத்து முற்றத்திலேயே நிகழவேண்டும். அங்கே கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தமரும் ஒருவர், ஏறியது எப்படி என்று கேட்பார். அதற்கு விடையளிக்கக்கூடிய படங்களையே நாம் எடுக்க முயலவேண்டும்.