லெந்து நாட்களில் வரும் பெருவிழாக்கள்

லெந்து நாட்களின் நடுவே கத்தோலிக்கர் பண்டிகை கொண்டாடுவதை நம்மவரில் பலர் முரண்பாடாகவே கருதுகின்றனர். ஊதா உடையைக் களைந்து வெண்ணுடை தரித்து, லெந்தில் நிறுத்திவைத்த குளோரியா கீதத்தை மார்ச் 19-இல் யோசேப்பின் திருநாளிலும், மார்ச் 25-இல் காபிரியேல் மரியாளுக்கு நற்செய்தி அறிவித்த திருநாளிலும் பாடுவது நோன்பைக் குலைப்பதாகாதா என்று மாணவர் ஆண்டுதோறும் வினவுவர். ஆனால் ‘அல்லேலூயா’ அந்நாட்களிலும் பாடப்படுவதில்லை. பண்டிகை நோன்பை நீக்கிவிடாமல் அதற்குள்ளேயே நிற்கிறது என்பதற்கு அம்மௌனமே சாட்சி.

இவ்வினா புதியதன்று. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம் லெந்தில் இரத்தசாட்சிகளின் திருநாட்களை ஆசரிப்பதைத் தடுத்து, சனி ஞாயிறுகளில் மட்டுமே அவர்களை நினைவுகூர அனுமதித்தது. 656-இல் ஸ்பெயினின் தொலேதோவில் கூடிய சங்கமோ, மார்ச் 25 நோன்பினுள் அகப்படுகிறதென்று அத்திருநாளை டிசம்பர் 18-க்கே மாற்றிற்று. 692-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம் இதற்கு நேர்மாறாக, லெந்தின் வாரநாட்களில் முழு நற்கருணை ஆராதனையை விலக்கியும் இந்த ஒரு திருநாளுக்கு அதை அனுமதித்தது. 1969-இல் ரோமச் சபை தன் நாட்காட்டியைத் திருத்தியபோது, தோமா அக்குவினாவை மார்ச் 7-இலிருந்து ஜனவரி 28-க்கும், மகா கிரெகோரியை மார்ச் 12-இலிருந்து செப்டம்பர் 3-க்கும் நகர்த்தி லெந்துக்கு இடம் விட்டது. நம் சீர்திருத்தத் தந்தையர் கண்டிருந்தால் மனமகிழ்ந்திருப்பர்.

யோசேப்பின் நாள் அங்கேயே நிலைத்ததற்குப் பக்தி வழக்கமன்றி வலுவான காரணம் எனக்குத் தென்படவில்லை. அது வெள்ளிக்கிழமையில் வந்தால் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இறைச்சி விலக்கையும் தளர்த்துவது நெருடலே.

மார்ச் 25-இன் நிலை வேறு. 1969-இன் திருத்தம் அதை மரியாளின் பெயரால் அல்ல, ஆண்டவரின் பெயராலேயே குறித்தது. கர்த்தர் கருவில் உருவான நாளும் பாடுபட்ட நாளும் ஒன்றே என்னும் மரபை அகுஸ்தீன் திரித்துவம் பற்றிய தம் நூலில் எடுத்துரைக்கிறார். ஆகவே லெந்தே இத்திருநாளின் சொந்த வீடு. 1608-இல் இவ்விரண்டும் ஒரே நாளில் இணைந்தபோது ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் அதைக் குறித்துக் கவிதை இயற்றினார். 2016-இலும் பெரிய வெள்ளி மார்ச் 25-இல் வந்தது. ரோமச் சபையோ தன் விதிப்படி விழாவை ஏப்ரல் 4-க்குத் தள்ளிற்று. கீழைச் சபைகள் பைசாந்திய முறைப்படி பெரிய வெள்ளியிலும் அதை ஆசரிப்பதையறிந்தும், ஒழுங்குக்காகப் பொருளை இழந்தது எனக்கு ஏற்புடையதன்று.

எனினும் நாம் குறைகூறும் நிலையிலில்லை. லுத்தரன் சபைகளும் 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெப புத்தகமும் விட்டுவிடாத நாள் இது. நாமோ நாற்பது நாளும் பாடுகளையே பேசி, பாடுபட்டவர் மாம்சமானவர் என்பதை டிசம்பருக்கு ஒதுக்கிவிட்டோம். இருபத்தைந்து ஆண்டுகள் லெந்துக் கூட்டங்களில் பேசிய நானும் லூக்கா முதலாம் அதிகாரத்தை ஒருமுறையேனும் எடுத்ததில்லை.

2027-இல் மார்ச் 25 பெரிய வியாழனாக வருகிறது. கத்தோலிக்கரின் விழா ஏப்ரல் 5-க்கு நகரும். நம்மை அவ்விதி கட்டாது. அன்றிரவு திருவிருந்துக்கு முன் லூக்கா முதலாம் அதிகாரத்தை வாசிக்க எண்ணியுள்ளேன்.