அந்த மருத்துவர் நல்லவர்தான்

‘கிம் ஜியோங், பிறப்பு 1982’ நாவலை எனக்குப் படிக்கக் கொடுத்தது ஒரு நண்பர். ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். ரெண்டே ராத்திரியில் முடித்ததாகவும், கடைசியில் அழுதுவிட்டதாகவும் சொன்னார். பொய் சொல்கிற ஆள் இல்லை. ரெண்டு மாதம் கழித்து டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, தன் டீமுக்கு ஆள் எடுத்த கதையைச் சொன்னார். கடைசிச் சுற்றுக்கு வந்த இருவரில் அந்தப் பெண்தான் கெட்டிக்காரி. ஆனால் அவளுக்குச் சமீபத்தில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. “எனக்கு தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்லப்பா. ஆனா அடுத்த வருஷம் லீவுல போயிட்டா ப்ராஜெக்ட் நடுவுல நின்னுடும்ல?” என்றார். பையனை எடுத்துவிட்டார்.

நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நாவலின் கடைசி அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் அவர் இருந்தார்.

தொலைக்காட்சிக்கு எழுதிக்கொண்டிருந்த சோ நாம்ஜூவின் இந்தக் கொரிய நாவல் 2016இல் வெளிவந்தது. அங்கே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2018இல் ஐரீன் என்ற பாப் பாடகி இதைப் படித்ததாகச் சொன்னதற்கே, அவருடைய ஆண் ரசிகர்கள் சிலர் அவர் படத்தை எரித்து இணையத்தில் போட்டார்கள். இத்தனை கோபத்தைக் கிளப்பிய நாவலில் அப்படி என்னதான் நடக்கிறது? பெரிதாக ஒன்றுமே இல்லை. சியோலில் ஒரு பெண் பிறக்கிறாள், படிக்கிறாள், விளம்பர நிறுவனத்தில் வேலைக்குப் போகிறாள், கல்யாணம் செய்துகொள்கிறாள், குழந்தைக்காக வேலையை விடுகிறாள். முப்பத்து மூன்று வயதில் திடீரென்று வேறு பெண்களின் குரலில் பேசத் தொடங்குகிறாள். அறுவடைத் திருநாளுக்குப் புகுந்த வீடு போன இடத்தில், தன் அம்மாவாகவே மாறி, மாமியாரைச் சம்பந்தி முறையில் விளித்து, உங்கள் மகள் பண்டிகைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறாளே, என் மகளையும் அனுப்பக் கூடாதா என்று கேட்கிறாள். வீடே உறைந்துபோகிறது. கணவன் அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறான்.

நம் இலக்கிய வட்டங்களில் இந்த நாவல் பற்றி நான் அதிகம் கேட்ட குறை ஒன்றுதான்: “இது நாவலே இல்ல, ரிப்போர்ட்.” குற்றச்சாட்டு முழுக்கப் பொய்யில்லை. வாக்கியங்கள் தட்டையானவை. வர்ணனை கிடையாது. நடுநடுவே அடிக்குறிப்புகள் வேறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொரியாவில் மூன்றாவதாகப் பிறந்த குழந்தைகளில் பெண் ஒன்றுக்கு ஆண் இரண்டு என்ற அளவுக்கு விகிதம் சரிந்திருந்தது, ஆண் நூறு ரூபாய் சம்பாதிக்கும் இடத்தில் பெண் அறுபத்து மூன்றுதான் சம்பாதிக்கிறாள் என்கிற மாதிரித் தகவல்கள். கதையில் மூழ்கலாம் என்று போகிற வாசகனை ஒவ்வொரு தடவையும் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போடுகிறது நாவல்.

அப்படி இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜியோங்குக்கு நடப்பவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். தம்பியின் பால்பவுடரைக் கிள்ளித் தின்றதற்குப் பாட்டி அடிக்கிறாள். பள்ளியில் வரிசை எண் ஆண் பிள்ளைகளிலிருந்துதான் தொடங்குகிறது, சாப்பாட்டுக்கும் அதே வரிசை. நம்மில் பலருக்கும் வருகைப் பதிவேட்டில் பையன்கள் பெயர் முடிந்த பிறகுதான் நம் பெயர் வந்தது. அது ஒரு விஷயம் என்றே அப்போது தோன்றவில்லை. தனித்தனியாகச் சொன்னால் “இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்று கேட்டுவிட முடியும். அந்தக் கேள்விக்குத்தான் அடிக்குறிப்பு பதில் சொல்கிறது. இது ஒருத்திக்கு நடந்ததில்லை, கணக்கெடுத்துப் பார் என்கிறது. கிம் ஜியோங் என்பதே அந்தத் தலைமுறையில் மிகச் சாதாரணமான பெயர்.

தட்டையான நடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைசி அத்தியாயத்தில்தான் அது தெரியவருகிறது. இவ்வளவு நேரம் நாம் படித்தது ஜியோங்கின் மருத்துவர் எழுதிய குறிப்புகள். அவள் வாழ்க்கையை அவள் சொல்லவில்லை, ஒரு ஆண் தொகுத்துச் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது என்றால், அது ரிப்போர்ட் என்பதால்தான்.

அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை. முக்கியமான விஷயமே அதுதான். ஜியோங் மூலம் தனக்குத் தெரியாத ஒரு உலகத்தைப் பார்த்துவிட்டதாக மனதார ஒப்புக்கொள்கிறார். அவருடைய மனைவியும் மருத்துவர்தான், படிப்பில் அவரைவிடக் கெட்டி. குழந்தைக்காக வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் விட்டவர். இப்போது வீட்டில் உட்கார்ந்து ஆரம்பப் பள்ளிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருக்கிறார். தன் விருப்பப்படி நடக்கிற ஒரே காரியம் அதுதான் என்கிறார். மருத்துவருக்கு அது வலிக்கவும் செய்கிறது. அடுத்து, அவரிடம் வேலை பார்க்கும் ஆலோசகர் கர்ப்பம் காரணமாக விலகுகிறார். நல்ல திறமைசாலி. ஆனால் அவர் போனதும் அவரிடம் வந்துகொண்டிருந்தவர்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். மருத்துவர் யோசிக்கிறார். இனி எடுக்கப்போகிறவர் கல்யாணமாகாதவராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். நாவல் அங்கே முடிகிறது.

முதல் வாசிப்பில் இதை ஒரு சாமர்த்தியமான திருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நாவலே அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் எழுதப்பட்டது என்று தோன்றுகிறது. பாகுபாட்டை எதிர்க்கும் கதைகள் பெரும்பாலும் ஒன்றை நம்புகின்றன: புரியவைத்தால் போதும், மாறிவிடுவார்கள். சோ நாம்ஜூ அதை நம்பவில்லை. அவளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதும் அளவுக்குப் புரிந்துகொண்ட ஆளை வைத்தே அதைப் பொய்யென்று காட்டிவிடுகிறார். மருத்துவர் ஜியோங்கைப் புரிந்துகொண்டார். ஆனால் நஷ்டம் தன் கணக்கில் விழும்போது, அதே காரியத்தைச் செய்கிறார்.

2019இல் வந்த திரைப்படம் கைவிட்டது இந்த இடத்தைத்தான். கிம் டோயோங் இயக்கிய படம் மோசமில்லை. ஜுங் யூமியின் நடிப்பு நெஞ்சைப் பிசைகிறது. ஆனால் மருத்துவரின் அந்தக் கடைசி முடிவு படத்தில் இல்லை. ஜியோங் எழுதத் தொடங்குகிறாள், கணவன் துணையாக நிற்கிறான், நாம் லேசான மனதோடு எழுந்து வருகிறோம். நாவல் நம்மை அப்படி விடுவதில்லை.

நாவலிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஜியோங்கைவிட அவள் அம்மா ஓ மிசூக் பெரிய பாத்திரம். அண்ணன் தம்பிகளின் படிப்புக்காகப் பதின்வயதிலேயே ஆலைக்குப் போனவள். இரண்டு பெண்களுக்குப் பிறகு வயிற்றில் வந்த மூன்றாவது பெண் சிசுவைக் கலைத்தவள். பிறகு தன் புத்தியால் வியாபாரம் பார்த்து வீட்டை நிமிர்த்தியவள். ஆலைத் தொழிலாளியான அம்மாவின் கதை, படித்த நடுத்தர வர்க்க மகளின் கதைக்கு முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. சியோலின் அடுக்குமாடிக்கு வெளியே இருக்கும் பெண்கள் இந்த ரிப்போர்ட்டில் ஏறவே இல்லை. மருத்துவரின் பார்வை அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

சட்டம் இல்லாததால் வந்த சிக்கலும் இல்லை இது. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை 1979இல் நிறைவேறியது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. கொரியா 1984இல் ஏற்றது, இந்தியா 1993இல். ஆணைக் குடும்பத் தலைவனாக வைத்த ஹோஜு முறையைக்கூடக் கொரியா 2008இல் ஒழித்துவிட்டது. திருமணப் பதிவுப் படிவத்தில் குழந்தைக்குத் தாயின் குடும்பப் பெயரை வைக்கவும் இடம் வந்தது. நாவலில் ஜியோங்கும் கணவனும் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றே குறிக்கிறார்கள். யாரும் வற்புறுத்தவில்லை.

வேலையை விட்டு நீக்கினால் வழக்குப் போடலாம். வேலைக்கே எடுக்காமல் விட்டதற்கு என்ன செய்வது? இங்கே 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. நல்ல விஷயம். ஆனால் அந்தச் சம்பளத்தை முழுக்க முதலாளியே தர வேண்டும் என்பதால், நேர்காணல் அறையில் அந்தக் கணக்கும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. மருத்துவர் போட்டதும் அதே மாதிரிக் கணக்குத்தான். அப்பா ஆகப்போகிறவனை எடுக்கும்போது அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

நண்பரிடம் போன வாரம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு சீட்டு வைத்திருந்தேன். “எதுக்கு இது?” என்றார். மறுபடி படிங்க, அழாம படிங்க என்றேன். சிரித்துக்கொண்டே பைக்குள் வைத்துக்கொண்டார். படித்தாரா என்று தெரியாது. ஆனால் டீக்கடையில் அவர் அந்தக் கதையைச் சொன்னபோது நான் ஏன் பேசாமல் நின்றேன் என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை. அன்றைக்கு டீக்குக் காசு கொடுத்தது அவர்தான். நல்ல மனுஷன். அந்தப் பெண்ணுக்கு வேறு எங்காவது வேலை கிடைத்திருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.