கருப்பொருளும் கணினிப் பாத்திரங்களின் இசையும்

கணினித் திரையில் ஒரு வீட்டையும் அதிற் குடியிருப்போரையும் படைத்து, அவர்தம் உண்டி, தொழில், உறவு அனைத்தையும் நடத்திப் பார்க்கும் விளையாட்டுகளுள் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி சிம்ஸ்’ பெரிதும் பெயர் பெற்றது. 2009-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் விருப்பமான நிறம், உணவு, இசை என மூன்றைக் குறிக்கச் செய்தது. தனக்கு உவப்பான இசை ஒலிப்பின் அப்பாத்திரம் மகிழும், அவ்வளவே. நான்காம் பதிப்பில் 2021-இல் வெறுப்பும் இடம் பெற்றது.

இதனைப் புதுமை என வியப்போர் தொல்காப்பிய அகத்திணையியலை மறந்தவராவர். ஆண்டுக் கருப்பொருள் தொகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையும் யாழும் எண்ணப்பெற்றுள்ளன. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பின்னூலார் விரிப்பர். விளையாட்டு உணவையும் இசையையும் ஒரே வரிசையில் வைத்தது போலவே தொல்காப்பியரும் வைத்தார். வேறுபாடு யாதெனின், அங்கு இசை தனியொருவனின் விருப்பம். இங்கு நிலத்தின் உடைமை.

எனினும் பட்டியல் பாத்திரமாகிவிடாது. இளங்கோவடிகள் வேட்டுவர்க்கு வரியும் ஆய்ச்சியர்க்குக் குரவையும் வகுத்ததோடு நின்றாரல்லர். கானல்வரியில் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகின்றான். அவன் மனம் வேறிடத்தது என எண்ணிய மாதவி, தானும் வேறு குறிப்பினள் போலப் பாடுகின்றாள். அவன் பிரிந்து போகின்றான். இருவரும் இசை வல்லார். இருவர்க்கும் யாழே உவப்பு. விளையாட்டின் கணக்குப்படி இருவரும் மகிழ்ந்திருத்தல் வேண்டும்!

இனி, கிள்ளானில் வளர்ந்து பிரிக்ஃபீல்ட்சில் தொழில் பார்க்கும் தமிழிளைஞன் ஒருவனை அவ்விளையாட்டிற் படைக்கப் புகுவார்க்கு நேரும் இடர்ப்பாட்டைக் காண்போம். அவன் தங்கை, 1981-இல் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைக்கூடத்தில் பரதம் பயில்கின்றாள். தாய்க்கு மின்னல் வானொலியின் பழைய திரைப்பாடல்கள் உயிர். அவனோ யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ வெளிவந்த 2006 முதல் தமிழ்ச் சொல்லிசையில் தோய்ந்தவன். தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி முழங்கினால், கேட்ட மாத்திரத்தில் அவன் கால்கள் ஆடத் தொடங்குகின்றன. ஆயினும் விருப்பமான இசை யாதென வினவினால் அவன் உறுமி என்று கூறான்.

ஏன் கூறான்? வளைகோலால் ஒரு முகத்தை உரசி ஒலியெழுப்பும் அத்தோற்கருவி, தோட்டத் தொழிலாளரோடு வந்து தோட்டக் கோயில்களில் முழங்கியது. நகரத்துக்குக் குடிபெயர்ந்து படித்துயர்ந்த குடும்பங்கள் சில அதனைத் தாழ்வாகக் கருதுகின்றன. கருவியின் குற்றமன்று இது. கேட்போர் தம் பழைய லயத்து வாழ்வை மறைக்க விழையும் கூச்சம். விருப்பு, வெறுப்பு என்னும் இரண்டே கட்டங்களில் இந்த நாணத்துக்கு இடமில்லை. பாத்திரத்தைப் படைப்போர் அவன் எதனைக் கேட்கின்றான் என்பதோடு, யார் அறைக்குள் வந்தால் ஒலியைக் குறைக்கின்றான் என்பதையும் குறித்தல் வேண்டும். அவ்வொரு விதி சேரின் தாய்க்கும் மகனுக்கும் இடையே ஒரு கதை தானே பிறக்கும்.

மாணவர்க்குத் திணை மயக்கம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விளைஞனையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எந்நிலத்துப் பூவும் புள்ளும் பிற நிலத்தில் வரலாம் என விதி தந்த தொல்காப்பியர், அவ்விடத்துப் பறையைப் பெயர் சுட்டவில்லை. உறுமியோ நிலம் மட்டுமன்றிக் கடலும் கடந்து வந்து, காவடியின் முன்னே இன்றும் முழங்குகின்றது.