கரும்புக் கத்தியின் அளவுகோலில் ஒரு ஜப்பானிய வாள்

முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு போகும் பருவத்தில் விழுப்புரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் ஒரு கத்தி படும் பாட்டைக் கவனித்தாலே எஃகைப் பற்றிப் பாதிப் பாடம் படித்ததுபோல ஆகிவிடும். கரும்பில் அடிக்கட்டையில்தான் சர்க்கரை அதிகம் என்பதால் தரையோடு தரையாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டும்போது வாய் மண்ணிலும் கல்லிலும் இடிக்கும். கரும்பின் தோலிலேயே சிலிக்கா இருப்பதால், கல்லில் படாவிட்டாலும் கூர் தேயும். இத்தனையையும் தாங்கும் கத்தி, கழித்துப் போட்ட லாரிப் பட்டையைச் சாலையோரப் பட்டறையில் காய்ச்சி அடித்ததாக இருக்கும். வாய் மடங்கினால் அரத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி வயலில் இறங்கலாம். அதை வாங்குகிறவர் இரும்பின் பெயரைக் கேட்பதில்லை. யார் அடித்தது, தோய்ச்சல் எப்படி, பிடி ஆடுமா என்றுதான் கேட்கிறார். இணையத்தில் இன்று விற்கப்படும் ‘வெட்டுப் பயிற்சிக்கான ஜப்பானிய வாளை’ எடைபோடவும் இந்த மூன்று கேள்விகளே போதும் என்பது என் வாதம். விளம்பரங்கள் பெருமையாகச் சொல்வது வேறு மூன்று: எஃகின் எண், மடித்து அடித்த அடுக்குகள், வாயோரம் ஓடும் வெள்ளை அலைக்கோடு. இவற்றுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி கண்ணுக்குத்தான் போகிறது, கைக்கு வருவதில்லை.

முதலில் பொருள் இன்னதென்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர்கள் மட்டுமே கூருள்ள வாள் செய்யலாம். அவர்களும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்ய முடியாது. எனவே பயிற்சிக்கென்று தொழிற்சாலையில் உற்பத்தியாகும் ‘கட்டானா’ எனும் ஜப்பானிய நீள வாள் பெரும்பாலும் ஜப்பானில் செய்ததல்ல. சீனாவின் செஜியாங் மாகாணத்திலுள்ள லாங்சுவான் நகரம்தான் இதற்குப் பேர்போனது. அலகின் நீளம் சுமார் 70 சென்டிமீட்டர், மொத்த எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், பிடி இரு கைக்கும் இடம் கொடுக்கும். ‘தமெஷிகிரி’ என்று ஜப்பானியர் சொல்லும் வெட்டுப் பயிற்சியில், புல்பாயைச் சுருட்டிக் கட்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, முளையில் செங்குத்தாக நிறுத்தி வெட்டுவார்கள். அந்தப் பாய்க்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசியில் நெய்யும் கோரைப்பாய் அதற்கு நெருங்கிய உறவு.

எஃகுக்கு வருவோம். விலைப்பட்டியலில் 1060, 1095, 5160, 9260, டி10 என்று எண்கள் அணிவகுக்கும். முதல் இரண்டும் சாதாரணக் கரிம எஃகு. கடைசி இரண்டு இலக்கம் கரிமத்தின் அளவு. 1060 என்றால் சுமார் 0.6 சதவீதம், 1095 என்றால் 0.95. 5160இல் கொஞ்சம் குரோமியமும் 9260இல் சுமார் 2 சதவீதம் சிலிக்கனும் சேரும். இந்த 5160, 9260 இரண்டையும் பார்த்து யாரும் மலைக்க வேண்டாம். இந்திய லாரிகளின் பட்டைக்குப் போகும் இஎன்45 சிலிக்கன்–மாங்கனீசு எஃகு. 9260க்கு அது பங்காளி. மற்றொரு பட்டை எஃகான சுப்9, 5160க்குப் பங்காளி. ‘சுப்’ என்பதே ஜப்பானியத் தரநிர்ணயத்தின் குறியீடுதான். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பாரம் தாங்கி ஓய்ந்த பட்டையும் பெட்டியில் வந்திறங்கும் ‘சாமுராய் எஃகும்’ வேதியியலில் ஒரே குடும்பம் என்றால், ஒன்று குறைந்த விலைக்கும் மற்றொன்று பெரிய தொகைக்கும் போவதற்குக் காரணம் எஃகாக இருக்க முடியாது. அதற்குப் பின் கொடுத்த வெப்பமும் வடிவமும்தான் காரணமாக இருக்க வேண்டும்.

எஃகின் பெயரே போதும் என்று நம்பி ஏமாந்த கதை நம் மண்ணோடு தொடர்புள்ளது. பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் மூசை எஃகு உருக்கிய இடத்தைத் தொல்லுலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் 1990களில் அடையாளம் காட்டினார். ‘உட்ஸ்’ என்று உலகம் கொண்டாடிய அந்த எஃகு வகையை லண்டனில் மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கருவி வினைஞருடன் சேர்ந்து 1820 வாக்கில் ஆராய்ந்தார். ஐரோப்பியக் கொல்லர் பலர் அதை வாங்கி, தங்கள் வழக்கப்படி வெண்சூட்டில் வைத்து அடித்தபோது அது உதிர்ந்தது. கரிமம் மிகுந்த எஃகுக்கு அவ்வளவு சூடு ஆகாது; இளஞ்சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டும். எஃகு அதேதான், கைப்பக்குவம்தான் வேறு. ‘மடித்து அடித்தது’ என்ற பெருமையும் இப்படித்தான். இரும்பு மணலை உருக்கி ஜப்பானியர் எடுத்த எஃகில் கசடும் கரிம ஏற்றத்தாழ்வும் இருந்தன. மடித்து மடித்து அடித்தால்தான் அது சீராகும். ஆலையிலிருந்து சீராகவே வரும் இன்றைய எஃகை மடிப்பதால் வெட்டுத் திறன் கூடாது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு பற்றவைப்பு; ஒன்று சரியாக ஒட்டாவிட்டாலும் வாளுக்குள் ஒரு விரிசல் குடியேறிவிடும்.

அலைக்கோட்டை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதுகில் களிமண் பூசித் தோய்த்தால் வாய் சட்டென்று குளிர்ந்து இறுகும், முதுகு மெல்லக் குளிர்ந்து இளகிய பதத்தில் நிற்கும். கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் வாய் 60ஐயும் முதுகு 40ஐயும் ஒட்டி இருக்கும். அந்த எல்லையே ‘ஹமோன்’ என்ற கோடு. இறுகும்போது வாய் சற்று விரியும்; அந்த விசையால்தான் வாள் வளைவே பெறுகிறது. கூர் நெடுநேரம் நிற்கும் என்பதும் உண்மை. கைதேர்ந்தவருக்கு அது சிறந்த வாள்தான். ஆனால் நாம் பேசுவது பயிற்சி வாள், அதாவது தவறு செய்வதற்கென்றே வாங்கும் வாள். வாயின் திசையும் வீச்சின் திசையும் சில பாகை விலகினாலே அலகு பக்கவாட்டில் முறுக்கப்படும். அப்போது இளகிய முதுகு வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். இறுகிய வாய் பொரிந்து போகும். ஒரு பொரிவை நீக்க, அந்த ஆழத்துக்கு வாய் முழுவதையும் சாணையில் தேய்த்தாக வேண்டும். முழுவதும் ஒரே சீராக, ராக்வெல் 50ஐ ஒட்டிப் பதமிட்ட பட்டை எஃகு வாளோ வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். பள்ளத்துக்குப் பள்ளம் வளைந்து நிமிர்வதுதானே பட்டையின் பிறவி வேலை? கூர் சற்று முன்னதாக மழுங்கும், ஆனால் கல்லில் தீட்டினால் திரும்பி வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுப் பதமிட்ட வாளில் அமிலத்தாலோ தேய்ப்பாலோ அலைக்கோடு வரைந்து விற்பதும் உண்டு. அந்தக் கோடு எதையும் செய்யாது.

வடிவத்தைப் புரிந்துகொள்ள இங்குள்ள இரண்டு கத்திகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பனையேறி பாளை சீவும் கத்தி மெலிந்து, தட்டையாக, முகம் மழிக்கும் கூரோடு இருக்கும். கரும்பில் போட்டால் ஒரே நாளில் பாழாகும். கரும்புக் கத்தியின் வாய்க்குப் பின்னால் சதை உண்டு. பாளையில் வைத்தால் நசுக்கும். வாளிலும் இதே கணக்குத்தான். பாய்க்கென்று செய்த வாளின் கன்னம் தட்டையாக இருக்கும். பாயில் வெண்ணெய்போல இறங்கும், முற்றிய மூங்கிலில் காயப்படும். சதைப்பற்றுள்ள கன்னம் மூங்கிலைத் தாங்கும், பாயில் சற்று முரண்டும். விற்பவர் இதைச் சொல்லாமல் ‘எல்லாவற்றையும் வெட்டும்’ என்றால் நம்ப வேண்டாம். முதுகையொட்டி ஓடும் பள்ளம் எடையைக் குறைக்கிறது. வீசும்போது விசில்போல ஒலி தந்து கோணம் சரியென்று காதுக்குச் சொல்கிறது. ஆனால் தவறான வெட்டில் பள்ளமுள்ள அலகு சீக்கிரம் வளையும். முதல் வாளுக்குப் பள்ளம் வேண்டாம்.

விளம்பரம் பேசாத, ஆனால் உயிரோடு விளையாடும் பகுதி கைப்பிடி. துணி நாடாவின் பின்னலுக்கும் திருக்கைத் தோலுக்கும் உள்ளே இருப்பது, குடைந்து ஒட்டிய இரண்டு மரப்பட்டைகள். அதற்குள் அலகின் காம்பு செருகி, குறுக்கே ஒன்றோ இரண்டோ மூங்கில் ஆணி அடித்திருக்கும். ‘மெகுகி’ எனப்படும் அந்த ஆணி சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. முழு வீச்சில் ஒரு கிலோ எஃகு பறந்துவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். சிறு சுத்தியலால் தட்டி ஆணியை வெளியே எடுத்துப் பார்த்தால் வாளின் யோக்கியதை தெரிந்துவிடும். முற்றி உலர்ந்த மூங்கிலா, நார் நீளவாக்கில் ஓடுகிறதா, நடுவில் நசுங்கிய தடம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிடியை உருவினால் காம்பு வெளிப்படும். அலகின் அகலத்திலிருந்து சீராகக் குறுகி, பிடியின் நீளத்தில் முக்கால் பங்காவது ஓடி, பற்றவைத்த தடமே இல்லாமல் ஒரே எஃகாக இருக்க வேண்டும். அலங்கார வாள்களில் எலிவால் போன்ற கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். அலகும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கும். அப்படிப்பட்டதைச் சுவரில் மாட்டலாம், வீசவே கூடாது. மரத்தின் குடைவு காம்பை இறுக்கிப் பிடிக்கிறதா, இடைவெளியில் காகிதம் திணித்து ஒப்பேற்றியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் ஊதும். தொழிற்சாலையில் இறுக்கமாக இருந்த பிடி திண்டிவனத்தில் ஓராண்டு கழித்தும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. மரக்காணம் உப்பளத்துப் பக்கமிருந்து வரும் காற்றில் கரிம எஃகு துருவுக்குக் காத்திருக்கும். நனைந்த பாயை வெட்டியதும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் லேசாகப் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும்.

சோதனைக்கு வாழைத்தண்டை வைப்பவர்கள் உண்டு. மழுங்கிய கத்தியும் அதில் இறங்கும் என்பதால் அது எதையும் நிரூபிக்காது. ஊறிய கோரைப்பாய் பொய் சொல்லாது. பாவுக்கு நைலான் நூல் போட்டதைத் தவிர்த்து, பருத்தி நூல் பாயாகப் பார்த்து எடுக்க வேண்டும். சாய்வாக ஒரு வெட்டு விழுந்ததும் குனிந்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். சுருளின் வளையங்கள் நசுங்காமல் எண்ணும்படி நின்றால் கூரும் கோணமும் சரி. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் கோரை பிய்ந்து நூல் தொங்கிக்கொண்டும் இருந்தால் கோணம் நடுவில் திரும்பியிருக்கிறது. பாயே சாய்ந்து விழுந்தால், வாளைக் குறைசொல்லும் முன் கையைத் திருத்த வேண்டும். இருபது வெட்டுக்குப் பின் முதுகின் நேர்கோட்டை ஒற்றைக் கண்ணால் பார்த்து, பிடியைக் காதருகே வைத்து ஆட்டினால் மிச்சம் தெரியும். கடகடவென்று ஒலித்தால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது.

இவ்வளவு பேசிவிட்டு, உள்ளூர்ப் பட்டறையிலேயே பட்டையில் வாள் அடித்துக்கொண்டால் என்ன என்று கேட்பது நியாயமே. கொல்லர் கண்பார்வையில் பிடிக்கும் பதம் ஒரு சாண், இரு சாண் வாய்க்குத் துல்லியமாக வரும். 70 சென்டிமீட்டர் நீளத்தை ஒரே நிறத்தில் காய்ச்சச் சிறு உலை போதாது. நீரில் தோய்த்தால் கோணும், சில நேரம் வெடிக்கும். ஓய்ந்த பட்டையில் களைப்பால் விழுந்த மயிரிழை விரிசலும் இருக்கலாம். குட்டைக் கத்தியில் அது பெரிய ஆபத்தில்லை, நீள வாளில் ஆபத்து. புது எஃகு, நீள உலை, எண்ணெய்த் தோய்ச்சல், அளந்த சூட்டில் பதம் — தொழிற்சாலை வாளுக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டிய விலை இவற்றுக்குத்தான். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகளில் வாள் ஓர் ஆயுத வகை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளில் வீட்டுக்கும் வயலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. வாள் அந்த விலக்கில் வராது. பணம் கட்டும் முன் உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

ஆக, என் தீர்ப்பு இது. 5160 அல்லது 9260, முழுப் பதம், பள்ளமில்லாத அலகு, மடிப்பும் கோடும் இல்லாத எளிய வாள். மிச்சமாகும் தொகையில் நல்ல கைப்பிடி. 1060ம் பரவாயில்லை. டி10இல் செய்த அலைக்கோட்டு வாளை ஓரிரு ஆண்டு பாய் வெட்டிக் கை பழகிய பின் யோசிக்கலாம். பெட்டி வந்ததும் கூரைத் தடவிப் பார்க்க வேண்டாம். முதலில் மூங்கில் ஆணியைத் தட்டிக் கழற்றிக் காம்பைப் பாருங்கள். கழற்ற முடியாதபடி ஒட்டியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.