கட்டு எங்கே விழ வேண்டும்

பழைய கார்களை லாரியிலேற்றிச் சென்னையிலிருந்து செட்டிநாட்டுக்கோ மதுரைக்கோ கொண்டுபோகும்போது அவற்றைக் கட்டும் முறைகளை எடைபோடப் பாடாலூர் பொருத்தமான இடம். பழைய தேசிய நெடுஞ்சாலை 45-இன் 285ஆவது கிலோமீட்டர் அது; நாற்கரமாக்கும் வேலையை உளுந்தூர்பேட்டை–பாடாலூர், பாடாலூர்–திருச்சி எனப் பிரித்த எல்லையும் அதுவே. அங்கே சேர்வதற்குள் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை என ஐந்து சுங்கச்சாவடிகளில் லாரி பிரேக் அடித்து, தடைகளில் குலுங்கி, மறுபடி வேகமெடுத்திருக்கும். புறப்படும்போது எல்லாக் கட்டும் இறுக்கமாகத்தான் இருக்கும். பாடாலூரில் எது இறுக்கமாக இருக்கிறது என்று பார்த்தால் முறையின் தரம் தெரிந்துவிடும்.

மதிப்பிட இரண்டு அளவுகோல்கள் போதும். விசையைத் தாங்குகிறதா என்பது முதலாவது. அமெரிக்க விதிகளும் ஐரோப்பியத் தரநிலையும் முன்னோக்கி எடையின் 0.8 மடங்கையும், பக்கவாட்டில் 0.5 மடங்கையும் தாங்கச் சொல்கின்றன. ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள அம்பாசடருக்கு இது 880 கிலோவும் 550 கிலோவும் ஆகிறது. குலுங்கும்போதும் அந்தப் பிடி மாறாமல் நிற்கிறதா என்பது இரண்டாவது. முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். முறைகள் தோற்பதோ இரண்டாவதில்.

நம்மூர் வழக்கத்தில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை அடிப்பார்கள். பம்பரைச் சுற்றி நைலான் கயிறு இழுத்து முடிச்சுப் போடுவார்கள். கட்டைக்கு முழு மதிப்பும் தரலாம்: எளிது, மலிவு, உருளும் போக்கை அடியிலேயே மறிக்கிறது. கயிறு தேறாது. நைலான் சுமையில் நீளும். முடிச்சு போட்ட இடத்தில் வலிமை குறையும். பம்பரோ சுமை தாங்குவதற்கென்று செய்யப்பட்டதே அல்ல. குரோமியம் பூசிய பழைய பம்பர் வளைந்தால் அதே வகை இன்னொன்றைத் தேடி எடுப்பது எவ்வளவு பாடு என்று பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது, ராட்செட் பெல்ட்டால் காரின் உடலையோ சட்டத்தையோ கீழே இழுத்து, ஸ்பிரிங் அமுங்கும்வரை இறுக்கும் முறை. இதற்கு ஆதரவாளர்கள் பலர், காரணமும் இருக்கிறது: கார் ஆடாது, மூடிய கன்டெய்னரில் கதவு பக்கச் சுவரில் உரசாது, பார்ப்பவர் மனமும் நிறையும். ஆனால் இதன் தர்க்கம் தனக்குத்தானே முரண்படுகிறது. இறுக்கத்தைத் தருவது அமுங்கிய ஸ்பிரிங். அடுத்த குலுக்கலில் அதே ஸ்பிரிங் மேலும் அமுங்கினால் பெல்ட் தொய்கிறது, அந்தக் கணத்தில் கொக்கி கழன்றுவிடலாம். நாற்பது ஐம்பது வருட லீஃப் ஸ்பிரிங்கையும் காய்ந்த ரப்பரையும் முந்நூறு கிலோமீட்டர் அமுக்கி வைப்பதற்குப் பழைய காரின்மீது அக்கறை கொண்டவர் எவரும் இசையமாட்டார்.

மூன்றாவது முறை ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ளதைக் கட்டுகிறது: சக்கரத்தை, அல்லது அச்சை. கார் தன் ஸ்பிரிங்கில் இயல்பாக ஏறி இறங்கும். பெல்ட்டின் இழுவை கிட்டத்தட்ட மாறாது. கொள்கையளவில் இதுவே சிறந்தது. நடைமுறையில் இதற்கும் குறைகள் உண்டு, அவை காருக்குக் கார் மாறும். அம்பாசடரின் பின் மட்கார்டு சக்கரத்தின் மேற்பகுதியை மறைப்பதால் டயருக்கு மேலாகப் பெல்ட் போடுவது சிரமம். அங்கே பின் அச்சையே பிடிக்க வேண்டும். ஆனால் அந்த அச்சின்மீதுதான் பிரேக் குழாய் ஓடுகிறது. பார்க்காமல் பெல்ட்டை இறுக்கினால் குழாய் நசுங்கும், இறக்கிய பிறகு முதல் பிரேக்கில்தான் அது தெரியவரும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேறு கதை. பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடுபவை, பிடிக்க முழு அச்சுக்கூடு கிடையாது; உடலை இழுத்தால் சக்கரங்களின் மேற்புறம் உள்நோக்கிச் சாயும். அதற்கு டயர்க்கட்டு ஒன்றே வழி. கம்பிச் சக்கரம் கொண்ட இன்னும் பழைய கார்களில் ஆரக்கம்பிகளுக்கிடையே பெல்ட்டை நுழைக்கவே கூடாது.

எந்த முறையானாலும் கோணம் முக்கியம். 45 டிகிரி சாய்வில் இறங்கும் பெல்ட்டின் இழுவையில் ஏறத்தாழ 70 விழுக்காடே முன்பின் திசைக்கு உதவும். இன்னும் செங்குத்தானால் அதுவும் குறையும். பின்பக்கப் பெல்ட்டுகளைக் குறுக்காகப் போட்டால் பக்கவாட்டு நகர்வும் அடங்கும். தார்ப்பாய் பற்றியும் சொல்ல வேண்டும்: காற்றில் படபடக்கும் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்த தூசி, உப்புத்தாள்போலப் பெயின்டைத் தேய்த்துவிடும். பெயின்டைக் காக்க விரும்புகிறவர் மூடிய வண்டியைத் தேடட்டும். இல்லையேல் திறந்தே கொண்டுபோகட்டும்.

என் தீர்ப்பு இது. ஆப்புக்கட்டையோடு கூடிய சக்கரக்கட்டு முதலிடம். டயர் எட்டாத இடத்தில், பிரேக் குழாயைப் பார்த்துப் போட்ட அச்சுக்கட்டு அதற்கு இணை. உடலைக் கட்டுவது, இடம் நெருக்கமான கன்டெய்னரில் குறுகிய தூரத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளத் தக்கது. பம்பர்க் கயிற்றை ஒதுக்கிவிடலாம்.

ஆனால் முதலிடம் பெற்ற முறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்க விதி முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறையும், பிறகு மூன்று மணி நேரத்துக்கோ 240 கிலோமீட்டருக்கோ ஒருமுறையும் சுமையைச் சோதிக்கச் சொல்கிறது. இந்தச் சாலையில் முதலாவது மதுராந்தகம் வாக்கில் வரும். அடுத்ததற்குப் பாடாலூரைத் தாண்டவிடக் கூடாது. அதற்கப்பால் சமயபுரம் சுங்கச்சாவடியும் கொள்ளிடம் பாலமும் காத்திருக்கின்றன. பாடாலூரில் இறங்கி நான்கு பெல்ட்டையும் கையால் அழுத்திப் பார்க்காத பயணத்தில், கட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அந்த வேலையைத் தேர்ந்த வேலை என்று நான் ஏற்கமாட்டேன்.