பாட்டியின் மஞ்சளும் அச்சேறிய சான்றும்

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது தோட்டத்துச் சிறுவனும் அறிந்த செய்தி. ஆயினும் 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அது புதுக் கண்டுபிடிப்பாக எண்ணப்பட்டு, மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தாருக்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. இந்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவினர் எதிர்த்து முறையிட்டு 1997-இல் அதனை நீக்கச் செய்தனர். இதனைப் பாட்டிமாரின் வெற்றியாக மேடைகளில் முழங்குகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்நாளைய அமெரிக்கச் சட்டம், பிறநாட்டார் வழக்கம் வாய்மொழியளவில் நின்றால் அதனைக் கணக்கில் கொள்ளவில்லை. 2013-இல்தான் அவ்வரம்பு நீங்கிற்று. ஆகவே கோடிப் பாட்டிமாரின் கைப்பழக்கம் அங்கே எடுபடவில்லை. வடமொழி, உருது, இந்தி ஏடுகள் உள்ளிட்ட 32 எழுத்துச் சான்றுகளே எடுபட்டன. அவற்றுள் ஒன்று 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை! காப்புரிமை நீங்கியதேயன்றிப் பாட்டிக்கு உரிமை எதுவும் வரவில்லை என்பதையும் அன்பர்கள் நோக்க வேண்டும்.

2001-இல் தொடங்கிய இந்திய மரபறிவு மின்னூலகம், சித்த மருத்துவப் பாடல்களையும் ஐரோப்பிய மொழிகளிலும் ஜப்பானிய மொழியிலும் பெயர்த்துக் காப்புரிமை அலுவலகங்கள் பார்க்குமாறு செய்துள்ளது. நற்பணியே. எனினும் எழுதி வைத்தவர்க்கே அது அரண். 2024 மே 24-இல் ஜெனிவாவில் ஏற்கப்பட்ட உடன்படிக்கையோ, தாவரம் எந்நாட்டது, அதுபற்றிய அறிவு எம்மக்களுடையது என்பதை விண்ணப்பதாரர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிடில்? வஞ்சக நோக்கம் இருந்தாலன்றி, அக்குறை ஒன்றுக்காகவே காப்புரிமையை நீக்க இயலாதாம்! இது பாதிக் கதவு வைத்த வீடு.

செங் வட்டாரத்துத் தோட்டங்களில் மருத்துவச்சிகள் அரைத்துக் கொடுத்த பிள்ளைப்பேற்று மருந்து எந்தக் கணக்கில் சேரும்? அது கப்பலேறி வந்து, இம்மண்ணின் இலைதழைகளோடு கலந்த அறிவு. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடியினரையும் வட்டாரச் சமூகத்தினரையும் குறிப்பிடுகிறது. வீடமைப்புப் பகுதிகளில் சிதறிவிட்ட தோட்டத்து மக்களும் அவர்களுள் அடங்குவரா என்று கேட்க வேண்டியவர்கள் நாமே. நாமோ தாலாட்டையும் ஒப்பாரியையும் வாய்மொழி இலக்கியமெனத் திரட்டினோம். ஆசிரியர் பயிற்சியிலும் அவ்வளவே கற்றேன். மருந்து சொன்ன வாயை எவரும் ஏட்டில் ஏற்றவில்லை.

ஏற்றுவதிலும் சிக்கல் உண்டு. அச்சேறினால் பிறர் அதைப் புதிதெனச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் எவரும் எடுத்தாளலாம். என் மாணவி ஒருத்தியின் பாட்டி மருந்துச் சரக்கு ஒன்பதைச் சொன்னார். பத்தாவது இலையின் பெயரைக் கேட்டபோது, "அத மட்டும் எழுதாதீங்க சார்" என்றார். என் குறிப்பேட்டில் பத்தாம் வரி வெற்றாகவே இருக்கிறது.