பலகையில் பயனிலை எங்கே?

ஒரு சின்னச் சோதனையோடு தொடங்குவோம். கடைசியாக நீங்கள் சக ஆசிரியர்களோடு சேர்ந்து எழுதிய இணைய வெண்பலகையைத் திறந்து பாருங்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவராக இருந்தால், கட்டுரைக்குக் கருத்துத் திரட்ட வகுப்பில் பயன்படுத்திய பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று ஒட்டுக்குறிப்புகள் நிறைந்திருக்கும். அவற்றில் எத்தனை வினைமுற்றில் முடிகின்றன என்று எண்ணுங்கள்.

நான் எண்ணிப் பார்த்தேன். எங்கள் குழுவின் பலகையில் மொத்தம் 46 குறிப்புகள். வினைமுற்றில் முடிந்தவை மூன்று. அந்த மூன்றில் ஒன்று, "நாளைக்கு லேட்டா வருவேன், மன்னிக்கவும்".

சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பலகையால் ஒரு வகுப்பே ஏமாந்தது. அதைச் சொல்வதற்கு முன், இந்தக் கருவி நமக்கு ஏன் தேவைப்பட்டது என்று பார்த்துவிடலாம்.

சிங்கப்பூரில் பல பள்ளிகளில் தமிழாசிரியர்களை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு வினாத்தாளைக் காட்டி, "இந்தக் கேள்வி சரியா இருக்கா, பாருங்களேன்" என்று கேட்கக்கூடப் பக்கத்து மேசையில் ஆள் இருக்காது. அதனால் நாம் எப்போதுமே பள்ளி தாண்டித்தான் சேர்ந்து வேலை செய்துவந்திருக்கிறோம். உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் பயிலரங்கு முடிந்ததும் தேக்கா வரை நடந்து, ஒரு டீயைக் குடித்தபடி பயிற்சித்தாள் பேசியவர்கள் நம்மில் பலர். 2020 ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறியபோது அந்த நடையும் டீயும் நின்றன. உட்லண்ட்ஸில் ஒருவர், தெம்பனிஸில் ஒருவர், ஜூரோங்கில் ஒருவர். நடுவில் ஒரு திரை. அந்தத் திரையில் கிடைத்த பொது இடம்தான் இணைய வெண்பலகை. ஜாம்போர்டு, பேட்லெட், மிரோ, மைக்ரோசாஃப்ட் வைட்போர்டு என்று பெயர்கள் பலவானாலும் அடிப்படை ஒன்றே: எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே பரப்பில் எழுதலாம்.

அதன் நல்லதை முதலில் சொல்லியாக வேண்டும். காணொளிக் கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மூத்தவர் பேசினால் இளையவர் வாயைத் திறக்கமாட்டார். பலகையில் ஐந்து பேரும் ஒரே நிமிடத்தில் எழுதலாம். பெயர் போடாமலும் எழுதலாம். நேற்றுப் பணியில் சேர்ந்த ஆசிரியரின் யோசனையும் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரின் யோசனையும் ஒரே அளவுத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வகுப்பிலும் அப்படித்தான். தமிழில் பேசக் கூச்சப்படும் பிள்ளை இரண்டு சொல்லையாவது தட்டச்சு செய்துவிடுகிறது. இதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

இனி அந்த 46 குறிப்புகளின் கதை. வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. காணொளியைப் பார்த்து உரையாடும் பகுதிக்கு நான்கு பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு பயிற்சித் தொகுப்பு செய்யலாம் என்று முடிவெடுத்தோம். ஒரு மணி நேரக் கூட்டம். பலகை நிறைந்தது. "சமூக ஊடகம் பற்றிய காணொளி", "துணைக் கேள்விகள்", "சொற்பட்டியல்", "மாதிரி உரையாடல் பதிவு", "மதிப்பீட்டு அளவுகோல்". புள்ளி வைத்து வாக்களித்தோம். அம்புக்குறி போட்டு இணைத்தோம். "அருமையான கூட்டம்!" என்று எல்லாரும் சொல்லிப் பிரிந்தோம்.

அடுத்த வாரம் பலகையைத் திறந்தால் குறிப்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன. காணொளி தேடப்படவில்லை, கேள்விகள் எழுதப்படவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் செய்வார் என்று நினைத்திருந்தோம். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அவசர அவசரமாக ஒரே ஒரு பயிற்சி தயாரானது. என் வகுப்பில் ஒரு மாணவி, "சார், இன்னும் ரெண்டு மூணு காணொளி தர்றேன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யாரும் சோம்பேறி இல்லை. பிறகு என்ன தவறு? நாம் வகுப்பில் நடத்தும் இலக்கணமே இதற்கு விடை சொல்கிறது. தமிழ் வாக்கியத்தில் பயனிலை கடைசியில் வருகிறது. அந்தப் பயனிலை தெரிநிலை வினைமுற்றாக இருந்தால், அது காலத்தையும் காட்டும். திணை, பால், எண், இடத்தையும் காட்டும். "தேடுவேன்" என்ற ஒரே சொல்லில் செய்பவர் நான், காலம் இனிமேல் என்ற இரண்டும் அடங்கிவிடுகின்றன. ஒரு குழுவுக்கு வேண்டியவையும் இந்த இரண்டுதான்: யார், எப்போது.

ஒட்டுக்குறிப்போ சின்னது. அது சொற்றொடரைக் கேட்கிறது, வாக்கியத்தைக் கேட்பதில்லை. அதனால் கை தானாகப் பெயர்ச்சொல்லில் நின்றுவிடுகிறது. "சொற்பட்டியல்" என்று எழுதினால் வேலை முடிந்தது போலவே தோன்றும். பெயரும் பயனிலையாக வருமே என்று நீங்கள் கேட்கலாம். வரும், "இது தேக்கா" என்பது முழு வாக்கியம்தான். ஆனால் "சொற்பட்டியல்" என்ற தனிச்சொல் எழுவாயா, செயப்படுபொருளா என்பதுகூடத் தெரியாது. வேற்றுமை உருபும் இல்லை, வினையும் இல்லை. அது அந்தரத்தில் நிற்கிறது.

வினை எழுதினாலும் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. "செய்ய வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். நான் செய்ய வேண்டும், நீங்கள் செய்ய வேண்டும், அவர்கள் செய்ய வேண்டும். மூன்று இடத்துக்கும் ஒரே வடிவம். எழுவாயை விட்டுவிட்டால் யார் மேலும் பொறுப்பு விழாது. எங்கள் பலகையில் வினைமுற்றோடு இருந்த மற்ற இரண்டு குறிப்புகளும் "வேண்டும்" என்றே முடிந்திருந்தன.

மாணவர்களே, இது ஆசிரியர்கள் பிரச்சினை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உங்கள் கட்டுரையிலும் இதே ஓட்டைதான் இருக்கிறது. "வார இறுதியில் தேக்கா சந்தை" என்று தலைப்புக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பலகை நிறையும்: கூட்டம், மல்லிகை மணம், மீன் கடை, பேரம், பாட்டி, மழை. நல்ல சொற்கள்தாம். ஆனால் தேர்வுத்தாளில் பலர் இந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் எழுதி அடுக்கிவிடுகிறார்கள். "சந்தையில் கூட்டம் இருந்தது. மல்லிகை மணம் வீசியது. மழை பெய்தது." பிழை எதுவும் இல்லை. கதையும் இல்லை.

இப்போது இதே சொற்களை இணைத்துப் பாருங்கள். "மழைக்குப் பயந்து கூட்டம் முழுவதும் சந்தைக்குள் புகுந்ததால், பாட்டியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். மீன் கடையைத் தாண்டியபோது மூக்கைப் பொத்திய நான், மல்லிகை மணம் வந்ததும் கையை எடுத்தேன்." புதிய கருத்து எதையும் நான் சேர்க்கவில்லை. "புகுந்ததால்", "தாண்டியபோது", "பொத்திய", "வந்ததும்" ஆகிய இணைப்புகளைத்தான் சேர்த்தேன். எச்சங்களும் உருபுகளும்தான் காரணத்தையும் நேரத்தையும் வரிசையையும் காட்டுகின்றன. இந்த வேலையைப் பலகையின் அம்புக்குறி செய்யாது. மழையிலிருந்து கூட்டத்துக்கு ஓர் அம்பு போட்டால் அது "மழையால்" என்றும் பொருள்படலாம், "மழைக்குப் பிறகு" என்றும் பொருள்படலாம், "மழை பெய்தும்" என்றும் பொருள்படலாம். எது என்று முடிவெடுப்பதுதான் எழுத்து.

நம் எழுத்துமுறையால் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பல பலகைகளில் குறிப்பு நிரம்ப நிரம்ப எழுத்து தானாகச் சிறுத்துக்கொண்டே போகும். எழுத்துக் கணக்கிலும் நமக்கு நட்டம். "சிங்கப்பூர்" என்பது நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடு கணக்கில் பதினொரு குறியீடுகள், ஏனென்றால் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. குறியீட்டை எண்ணி வரம்பு வைக்கும் கருவியில் நம் வாக்கியம் சீக்கிரமே முட்டி நிற்கும். ஆக, வாக்கியத்தைச் சொற்றொடராக வெட்டும் பழக்கம் தமிழில் இன்னும் வேகமாக ஒட்டிக்கொள்கிறது. இருந்தாலும், பலகையில் தமிழ் தெரிகிறதே என்பதும் சும்மா வந்ததல்ல. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் 1990களில் இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டார்கள். தமிழ்நெட் 97 கருத்தரங்கு 1997இல் இங்கே சிங்கப்பூரில்தான் நடந்தது.

அதே காலத்தில் தமிழர் செய்த இன்னொரு வேலையை இன்றைய பலகைக் கூட்டங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி ஒருங்கிணைத்தார். தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். ஒட்டுக்குறிப்பு இல்லை, வண்ணம் இல்லை. கையில் இருந்தது மின்னஞ்சல். திருக்குறளில் தொடங்கி நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாகத் தந்தார்கள். நம்மில் பலர் பாடத்துக்காக அங்கிருந்து ஒரு பாடலையாவது எடுத்திருப்போம். அந்த மின்பதிப்புகளின் முன்பக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தட்டச்சு செய்தவர் யார், பிழை திருத்தியவர் யார் என்று பெயர் இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வினை, ஒவ்வொரு வினைக்கும் ஓர் ஆள். எங்கள் பலகையில் காணாமல்போனது இதுதான்.

பலகை நிலையானதும் இல்லை. ஜாம்போர்டை நம்பிப் பாடம் நடத்தியவர்களுக்கு இது தெரியும். 2023 செப்டம்பரில் அதை மூடப்போவதாகக் கூகல் அறிவித்தது. 2024 அக்டோபர் முதல் அதில் எழுத முடியவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31உடன் சேவையே நின்றது. கோப்புகளை வேறு வடிவில் எடுத்துவைக்க வழி தந்தார்கள், உண்மைதான். ஆனால் எடுத்துவைத்த பழைய பலகை ஒன்றைத் திறந்து பாருங்கள். "பகுதி 2 – கவனம்!" என்று ஒரு குறிப்பு இருக்கும். எதில் கவனம், ஏன் கவனம்? எழுதியவருக்கே மறந்துபோயிருக்கும். முழு வாக்கியமாக எழுதிய ஒரு பக்கக் குறிப்பாவது இருந்தால், கருவி போனாலும் பொருள் போயிருக்காது.

அதற்காகப் பலகையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எங்கள் குழு இன்னும் பலகையில்தான் கூடுகிறது. மூன்று பழக்கங்களை மட்டும் சேர்த்துக்கொண்டோம்.

முதலாவது, கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் யாரும் புதுக் குறிப்பு ஒட்டக்கூடாது. இருக்கும் குறிப்புகளில் எது வேலையோ, அதைத் தன்மை ஒருமை வினைமுற்றோடு திருத்தி எழுத வேண்டும். "துணைக் கேள்விகள்" என்பது "வியாழனுக்குள் ஆறு துணைக் கேள்விகள் எழுதுவேன்" என்று மாறும். எழுதியவர் பெயரும் கீழே இருக்கும். "-வேன்" போட யாரும் முன்வராத குறிப்பை அப்போதே நீக்கிவிடுகிறோம். முதல் முறை இப்படிச் செய்தபோது பாதிக்கு மேல் நீங்கிவிட்டது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் மிஞ்சியவை எல்லாம் நடந்தன.

இரண்டாவது, பலகை முடிந்ததும் ஒருவர் அதைப் பத்து வரியில் சாதாரண ஆவணமாக எழுதுகிறார். முறை வைத்துக்கொள்கிறோம். எழுதும்போதுதான் எங்கே கருத்து வேறுபாடு இருந்தது என்பதே தெரியவருகிறது.

மூன்றாவது வகுப்புக்கு. மாணவர்கள் பலகையில் சொற்களைத் திரட்டியதும் திரையை அணைத்துவிடச் சொல்கிறேன். நோட்டில், கையால், மூன்று சொற்களை ஒரே வாக்கியத்தில் இணைக்க வேண்டும். அதில் ஒரு வினையெச்சமோ பெயரெச்சமோ கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு வாய்விட்டுப் படிக்க வேண்டும். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் இதை வீட்டில் தனியாகவே செய்யலாம். நாளுக்கு ஐந்து வாக்கியம் போதும்.

அந்த மாணவி அந்த ஆண்டு தேர்வை எழுதிப் பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அவளுக்குத் தருவதாகச் சொன்ன காணொளிகளை நாங்கள் தரவே இல்லை. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு நான்கு தந்தோம். ஒவ்வொன்றின் கீழும் தயாரித்தவர் பெயர் இருந்தது.

இன்று மாலை உங்கள் பலகையைத் திறந்ததும், ஒரே ஒரு குறிப்பை எடுத்து அதன் வாக்கியத்தை முடித்துவையுங்கள்.